பிறவியிலேயே கெட்டவனா, ஒதுக்கி ஒதுக்கிக் கெட்டவனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குழந்தை வளர்ப்பு பற்றிப் பேசக் கூப்பிடும் இடங்களில் நான் எதைப் பேசினாலும், கேள்வி நேரம் வந்தால் பேச்சு இங்கேதான் வந்து நிற்கும். செய்தியில் ஏதாவது கொடூரம் வந்த வாரமென்றால் முதல் கேள்வியே இதுதான். வாயால் சொல்லி மாளவில்லை. அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு, பதிலையும் எழுதி வைக்கிறேன். மேலிருந்து வரிசையாகப் படித்தால் நல்லது. பின்னால் வரும் பதில்களில் முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை.

சுத்தி வளைக்காம சொல்லுங்க. பொறக்கும்போதே ஒருத்தன் கெட்டவனா பொறக்கிறானா, இல்லையா?

இல்லை. ஒருவரைக் கெட்டவர் என்று சொல்ல, அடுத்தவருக்கு வலிக்கும் என்று தெரிந்தே அவர் அதைச் செய்ய வேண்டும். தொட்டிலில் கிடக்கும் குழந்தைக்கு அடுத்தவர் என்றால் யார் என்பதே இன்னும் பிடிபடவில்லை.

ஆனால் எல்லோரும் ஒரே மாதிரி பிறப்பதும் இல்லை. சில குழந்தைகளுக்குப் பயம் குறைவு. சிலருக்குச் சட்டென்று கோபம் ஏறும், இறங்க நேரமாகும். பக்கத்தில் இன்னொரு குழந்தை அழுதால் சில குழந்தைகள் தாமும் அழும்; சில குழந்தைகள் திரும்பிக்கூடப் பார்க்காது. இந்தச் சாய்வுகள் பிறப்போடு வருகின்றன. சாய்வு இருப்பதால் மட்டும் யாரும் விழுந்துவிடுவதில்லை. சரி, அப்படியென்றால் ஒதுக்கியதால்தான் கெட்டவன் ஆகிறான் என்று உடனே மறுமுனைக்குத் தாவ வேண்டாம். அது பாதி உண்மைகூட இல்லை, கால்வாசி என்பேன். ஏன் என்று கீழே வருகிறது.

அப்போ குழந்தை நல்லதாவே பொறக்குதா? குழந்தையும் தெய்வமும் ஒண்ணுன்னு சொல்றோமே?

2007-இல் யேல் பல்கலைக்கழகத்தில் கைலி ஹேம்லின், கேரன் வின், பால் ப்ளூம் மூவரும் ஒரு சோதனை செய்தார்கள். கண் ஒட்டிய ஒரு மரத்துண்டு மேடேற முயல்கிறது. இன்னொரு துண்டு பின்னாலிருந்து தள்ளி உதவுகிறது. மூன்றாவது மேலிருந்து கீழே தள்ளிவிடுகிறது. பார்த்துக்கொண்டிருந்த ஆறு மாத, பத்து மாதக் குழந்தைகளிடம் உதவியதையும் தடுத்ததையும் நீட்டினால், ஏறக்குறைய எல்லாக் குழந்தைகளும் உதவியதைத்தான் எடுத்தன. குழந்தைக்கே நியாயம் தெரிகிறது என்று உலகமெல்லாம் கொண்டாடினார்கள்.

அப்புறம் பல நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை வைத்து இதே கேள்வியைச் சோதித்தபோது, அந்தச் சாய்வு தெரியவில்லை. ஏறத்தாழ பாதிப் பாதி. ஆகவே இந்த ஒரு சோதனையை வைத்துக்கொண்டு குழந்தை நல்லதாகவே பிறக்கிறது என்று நான் மேடையில் சொல்வதில்லை. குழந்தைக்கு மற்ற மனிதர்மேல் ஆர்வம் இருக்கிறது, ஒட்டிக்கொள்ளத் தவிப்பு இருக்கிறது. அது நல்லதாகவும் போகலாம், வேறு மாதிரியும் போகலாம்.

எங்க பையனுக்கு ரெண்டரை வயசு. கடிக்கிறான், முடியைப் பிடிச்சு இழுக்கிறான். இது பின்னாடி பெரிசாயிடுமோ, மேடம்?

பெற்றோர் கூட்டங்களில் மிகவும் தாழ்ந்த குரலில் வரும் கேள்வி இது. பதில் கேட்டால் நிம்மதியாக இருக்கும். கனடாவில் ரிச்சர்ட் ட்ரெம்ப்ளேயும் அவருடைய குழுவும் குழந்தைகளைப் பல வருடம் தொடர்ந்து கவனித்தார்கள். மனிதர் வாழ்நாளில் மிக அதிகமாக அடிப்பதும் கடிப்பதும் தள்ளுவதும் இளவயதில் என்றுதான் நாம் நினைப்போம். அவர்கள் பார்த்தது வேறு: அது உச்சத்தில் இருப்பது இரண்டிலிருந்து நான்கு வயதுக்குள். அதற்குப் பிறகு பெரும்பாலான குழந்தைகளுக்கு அது வருடா வருடம் இறங்கிக்கொண்டே போகிறது.

ஒரு விளையாட்டுப் பள்ளியில் கால்மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். சிவப்பு வண்டி ஒன்றுதான் இருக்கும். ஒரு குழந்தை அதைப் பிடித்திருக்கும், இன்னொன்று வந்து பிடுங்கும். பிடுங்க வரவில்லையென்றால் கையைக் கடிக்கும். கடிபட்ட குழந்தை வீறிட்டதும் கடித்த குழந்தை ஒரு நொடி திகைத்து நிற்கும். ஒரு பெரியவர் இரண்டு பேருக்கும் நடுவில் குனிந்து "பார், அவனுக்கு வலிக்குது" என்று காட்டுவது அந்த நொடியில்தான். அடிக்க யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. அடிக்காமல் இருக்கத்தான் சொல்லித் தர வேண்டும், அதுவும் ஆயிரம் முறை. உங்கள் பையன் பாடத்தின் நடுவில் இருக்கிறான், அவ்வளவுதான். ஏழெட்டு வயதிலும் குறையாமல், பிராணிகளையும் சின்னக் குழந்தைகளையும் வலிக்க வைப்பதில் சிரிப்பு வருகிறதென்றால், அப்போது குழந்தை மனநல மருத்துவரைப் பாருங்கள்.

தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைங்கிறாங்க. அப்பன் ஜெயிலுக்குப் போனவன்னா பிள்ளையும் அப்படித்தானே?

இதைச் சோதிக்க ஒரே வழி, பெற்றவர் ஒருவர், வளர்த்தவர் வேறு என்று ஆன பிள்ளைகளைப் பார்ப்பதுதான். டென்மார்க்கில் சார்னோஃப் மெட்னிக் குழு தத்துக் கொடுக்கப்பட்ட 14,427 பேரின் பதிவுகளை எடுத்து, நீதிமன்றத் தண்டனைப் பதிவுகளோடு ஒப்பிட்டு 1984-இல் வெளியிட்டது. பெற்றவருக்கும் தண்டனை இல்லை, வளர்த்தவருக்கும் இல்லை என்றால், மகன்களில் 13.5 சதவீதம் பேர் தண்டனை பெற்றிருந்தார்கள். வளர்த்தவருக்கு மட்டும் என்றால் 14.7. பெற்றவருக்கு மட்டும் என்றால் 20. இரண்டு பக்கமும் என்றால் 24.5.

ஆக, பெற்றவர் வழியாக ஏதோ வருகிறது என்பது நிஜம். ஆனால் கடைசி எண்ணைத் திருப்பிப் படியுங்கள்: இரண்டு பக்கமும் குற்றவாளிப் பெற்றோர் உள்ள மகன்களிலும் நான்கில் மூன்று பேர் தண்டனை எதுவும் இல்லாமல் வாழ்ந்திருக்கிறார்கள். இன்னொன்று, இந்தத் தொடர்பு தெரிந்தது திருட்டு போன்ற சொத்துக் குற்றங்களில்தான். அடிதடி, கொலை போன்றவற்றில் அப்படி எதுவும் உறுதியாகத் தெரியவில்லை. பிள்ளைக்குப் பெண் கொடுக்கலாமா, வேலை கொடுக்கலாமா என்று யோசிப்பவர்கள் இந்த இடத்தை இரண்டு முறை படிக்கலாம்.

சில பேர் மூஞ்சியைப் பார்த்தாலே தெரிஞ்சிடுமே?

தெரியாது. இத்தாலிய மருத்துவர் செசாரே லொம்ப்ரோசோ 1876-இல் தாடை, நெற்றி, காது அளவுகளை வைத்துப் பிறவிக் குற்றவாளியைக் கண்டுபிடித்துவிடலாம் என்று எழுதினார். பிறகு சிறையில் இருப்பவர்களையும் வெளியே இருப்பவர்களையும் முறையாக அளந்து பார்த்தபோது அது நிற்கவில்லை. அந்த எண்ணம் மட்டும் இன்னும் நம்மிடம் உட்கார்ந்திருக்கிறது.

கொலைகார மரபணு ஒண்ணு கண்டுபிடிச்சிருக்காங்களாமே?

செய்தித் தலைப்பு அப்படித்தான் வந்தது. 1993-இல் நெதர்லாந்தில் ஒரு குடும்பத்தை ஆராய்ந்தார்கள். அந்தக் குடும்பத்து ஆண்கள் சிலர் சின்ன விஷயத்துக்கும் கட்டுமீறிக் கோபப்பட்டு வன்முறையில் இறங்கினார்கள். மூளையில் சில வேதிப்பொருட்களை உடைக்கும் நொதியை உருவாக்கும் எம்.ஏ.ஓ.ஏ. என்ற மரபணு அவர்களிடம் வேலையே செய்யவில்லை. இது மிக மிக அரிதான நிலை.

ஆனால் அதே மரபணு கொஞ்சம் மந்தமாக வேலை செய்யும் வகை அரிதே இல்லை. பல சமூகங்களில் ஆண்களில் மூன்றில் ஒருவருக்கு இருக்கும். அவர்கள் எல்லாம் கொலைகாரர்கள் என்றால் ஊரில் யாரும் மிஞ்ச மாட்டார்கள். நியூசிலாந்தின் டனீடன் நகரில் 1972-73-இல் பிறந்த ஆயிரத்துச் சொச்சம் குழந்தைகளை இன்றுவரை தொடர்ந்து கவனித்து வருகிறார்கள். அந்தக் குழுவில் 442 ஆண்களை வைத்து அவ்ஷலோம் காஸ்பியும் டெரி மொஃபிட்டும் 2002-இல் சொன்னது: மந்த வகை மரபணு இருந்து, சின்ன வயதில் கொடுமைப்படாமல் வளர்ந்தவர்கள் மற்றவர்களைப் போலத்தான் இருந்தார்கள். மரபணுவும் இருந்து, அடி உதையும் பட்டு வளர்ந்தவர்களிடம்தான் வன்முறை தூக்கலாக இருந்தது. பிறகு வந்த ஆய்வுகளில் சிலவற்றில் இது தெரிந்தது, சிலவற்றில் தெரியவில்லை. எது எப்படியோ, தனியாக நின்று ஒருவரைக் கொலைகாரராக்கும் மரபணு என்று எதுவும் கையில் இல்லை.

சரி, ஒதுக்குறதுக்கு வருவோம். அது என்ன அவ்வளவு பெரிய வலியா? போங்கடான்னு விட்டுட்டுப் போக வேண்டியதுதானே?

கிப்ளிங் வில்லியம்ஸ் என்ற உளவியலாளர் ஒருநாள் பூங்காவில் உட்கார்ந்திருந்தார். வீசி விளையாடும் ஃபிரிஸ்பீ தட்டு ஒன்று உருண்டு வந்து காலடியில் விழுந்தது. எடுத்து, விளையாடிக்கொண்டிருந்த முன்பின் தெரியாத இருவரிடம் எறிந்தார். அவர்கள் திருப்பி இவரிடம் எறிந்தார்கள். கொஞ்ச நேரம் மூவரும் விளையாடினார்கள். திடீரென்று அந்த இருவரும் இவரைப் பார்க்காமல் தங்களுக்குள்ளேயே எறிந்துகொள்ள ஆரம்பித்தார்கள். இவர் நின்றார், காத்திருந்தார், திரும்பிப் போய் உட்கார்ந்தார். படித்த மனிதர், வந்தவர்கள் யாரோ, தட்டு அவர்களுடையது. ஆனாலும் மனம் அப்படிச் சுருங்கிவிட்டது என்று அவரே சொல்லியிருக்கிறார்.

அதையே கணினி விளையாட்டாக மாற்றினார். திரையில் மூன்று பேர் பந்து எறிகிறார்கள், அதில் ஒருவர் நீங்கள். சில எறிதல்களுக்குப் பிறகு உங்களுக்குப் பந்து வராது. சில நிமிடங்கள்தான். அதற்குள் விளையாடியவரின் மனநிலை இறங்கிவிடுகிறது. எதிரே இருப்பது வெறும் கணினி நிரல் என்று முன்கூட்டியே சொன்னாலும் இறங்குகிறது. தாங்கள் வெறுக்கும் ஓர் இனவெறிக் கூட்டத்தைச் சேர்ந்தவர்கள் பந்து தராவிட்டால்கூட வலிக்கிறது. போங்கடா என்று சொல்ல மூளைக்கு நேரம் பிடிக்கிறது. வலி அதற்கு முன்னாலேயே வந்துவிடுகிறது.

வலிக்குது, ஒத்துக்கிறேன். ஆனா வலிச்சா கெட்டவனாத்தான் ஆகணுமா?

ஆக வேண்டியதில்லை. ஆவதும் இல்லை, பெரும்பாலும். ஒதுக்கப்பட்டவர் மூன்று பக்கமும் போகலாம். சிலர் எப்படியாவது மறுபடி சேர்த்துக்கொள்ள மாட்டார்களா என்று இன்னும் இணக்கமாக நடப்பார்கள். சிலர் சுருண்டு தனியாகிவிடுவார்கள். சிலர் திருப்பி அடிப்பார்கள். கூட்டிக் கழித்துப் பார்த்தால் உலகில் ஒதுக்கப்பட்டவர்களின் வலி பெரும்பாலும் உள்பக்கமாகத்தான் திரும்புகிறது: தன்னையே வெறுப்பது, சோர்வு, தூக்கமின்மை. அதைச் செய்தியில் போட மாட்டார்கள், அதனால் நம் கண்ணில் படுவதில்லை.

மூன்றாவது பக்கமும் நிஜம். 2001-இல் ஜீன் ட்வெங்கியும் ராய் பாமைஸ்டரும் செய்த சோதனையில், "வயதான காலத்தில் நீங்கள் தனியாகத்தான் இருப்பீர்கள்" என்று பொய்யாகச் சொல்லப்பட்ட மாணவர்கள், தங்களை அவமதித்தவரின் காதில், மற்ற மாணவர்கள் கொடுத்ததைவிட அதிகச் சத்தத்தை ஒலிக்க விட்டார்கள். பாராட்டிப் பேசியவரிடம் அப்படிச் செய்யவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

இன்னும் கனமான சான்று கேத்தி விடம் என்ற ஆய்வாளருடையது. சின்ன வயதில் கொடுமைக்கோ கவனிப்பின்மைக்கோ ஆளானதாக நீதிமன்றமே பதிவு செய்த 908 பேரையும், அப்படி இல்லாத 667 பேரையும் ஒப்பிட்டு 1989-இல் எழுதினார். வன்முறைக் குற்றத்துக்காகக் கைதானவர்கள் முதல் குழுவில் 11 சதவீதம், இரண்டாவதில் 8. வித்தியாசம் இருக்கிறது. ஆனால் கொடுமைப்பட்டவர்களில் பத்துக்கு ஒன்பது பேர் வன்முறையில் கைதாகவில்லை.

பள்ளிக்கூடத்துல துப்பாக்கி எடுத்துட்டுப் போய்ச் சுட்டவங்க எல்லாம் ஒதுக்கப்பட்ட பசங்கதானே?

மார்க் லியரியும் உடன் ஆய்வாளர்களும் 1995 முதல் 2001 வரை அமெரிக்கப் பள்ளிகளில் நடந்த 15 துப்பாக்கிச் சூடுகளை ஒவ்வொன்றாகப் பார்த்தார்கள். இரண்டைத் தவிர எல்லாவற்றிலும் கேலியோ ஒதுக்குதலோ காதல் மறுப்போ இருந்தது. ஆகவே நீங்கள் சொல்வதில் விஷயம் இருக்கிறது. ஆனால் ஒதுக்குதலோடு வேறொன்றும் சேர்ந்தே வந்தது: ஆயுத மோகம், சாவின்மேல் ஈர்ப்பு, தீவிர மனநலச் சிக்கல் இவற்றில் ஏதாவது.

கணக்கைத் திருப்பிப் போடுங்கள். சுட்டவர்களில் ஒதுக்கப்பட்டவர்கள் நிறைய. ஒதுக்கப்பட்டவர்களில் சுட்டவர்கள்? ஒவ்வொரு வகுப்பிலும் ஒதுக்கப்பட்ட ஒரு பிள்ளையாவது இருக்கிறது, கோடிக்கணக்கில் வரும். அதில் துப்பாக்கி எடுத்தவர்கள் விரல் விட்டு எண்ணும் அளவு. இந்தத் திருப்பலைச் செய்யாமல் பேசினால், ஏற்கெனவே தனியாக நிற்கும் பிள்ளையை இன்னும் பயத்தோடு பார்க்க ஆரம்பித்துவிடுவோம்.

அடிப்பவருக்குத் தன்னம்பிக்கை குறைவு என்பதும் பரவலான நம்பிக்கை. பாமைஸ்டர் இதைத் தோண்டிப் பார்த்துவிட்டுச் சொன்னது நேர் எதிர். தன்னைப் பற்றி உயர்ந்த எண்ணம் வைத்து, அதை யாராவது உரசினால் தாங்க முடியாதவர்களிடம்தான் ஆபத்து அதிகம். "என்னை ஒதுக்கினார்கள்" என்பதோடு "என்னை ஒதுக்க இவர்கள் யார்?" என்பதும் சேரும்போதுதான் நான் கவலைப்படுவேன்.

பெத்தவங்க பாசமே கிடைக்காம அநாதையா வளர்ந்தா மிருகமாத்தானே ஆகும்?

இல்லை. கேள்வியில் உள்ள 'மிருகம்' என்ற சொல்லையும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். ருமேனியாவில் சௌஷெஸ்கு ஆட்சி 1989-இல் விழுந்தபோது, அரசு இல்லங்களில் லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் இருந்தார்கள். வரிசையாகக் கம்பித் தொட்டில்கள். பால்புட்டியைச் சாய்த்து முட்டுக்கொடுத்து வைத்துவிட்டு ஆயா அடுத்த தொட்டிலுக்குப் போய்விடுவார். அழுதால் யாரும் வர மாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட குழந்தைகள் அழுவதையே நிறுத்தியிருந்தன. இதைவிடப் பெரிய ஒதுக்குதல் இருக்க முடியாது.

அங்கிருந்து பிரிட்டன் குடும்பங்களுக்குத் தத்துப் போன 165 பேரை மைக்கேல் ரட்டர் குழு பல வருடம் தொடர்ந்தது. ஆறு மாதத்துக்குள் வெளியே வந்த குழந்தைகள் ஏறக்குறைய மற்ற தத்துக் குழந்தைகளைப் போலவே வளர்ந்தார்கள். அதற்கு மேல் அங்கே கிடந்தவர்களில் பலருக்குக் கவனம் நிற்கவில்லை. முன்பின் தெரியாதவரோடும் கையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள். பிறர் முகக்குறிப்பைப் படிக்கச் சிரமப்பட்டார்கள். காயம் ஆழமானது, பெரியவர்களான பிறகும் பலருக்குத் தொடர்ந்தது. ஆனால் அந்தக் காயத்தின் அடையாளமாகக் கொடூரம் வெளிப்படவில்லை. நீண்ட காலம் அங்கே இருந்தவர்களிலும் ஐந்தில் ஒருவருக்குச் சொல்லும்படியான சிக்கல் எதுவும் இல்லை.

ஒரே வயித்துல பொறந்து ஒரே வீட்டுல வளர்ந்த அண்ணன் தம்பி. ஒருத்தன் தங்கம், ஒருத்தன் தறுதலை. இது எப்படி?

ஒரே வீடு என்று நாம்தான் சொல்கிறோம். அப்பாவுக்கு வேலை இருந்த வருடங்களில் வளர்ந்தவன் ஒருவன், வேலை போன பிறகு வளர்ந்தவன் ஒருவன். ஒருவனுக்கு நல்ல வாத்தியார் கிடைத்தார், மற்றவனுக்குத் தெருமுனைக் கூட்டாளிகள். சூன் ரீயும் இர்வின் வால்ட்மனும் 51 இரட்டையர், தத்து ஆய்வுகளைத் தொகுத்து 2002-இல் சொன்ன கணக்கில், சமூக விரோத நடத்தையில் ஆளுக்கு ஆள் உள்ள வேறுபாட்டில் மரபின் பங்கு சுமார் 41 சதவீதம். உடன்பிறந்தவர்களுக்குப் பொதுவான சூழலின் பங்கு 16தான். அவரவருக்கு மட்டுமே அமைந்த அனுபவங்களின் பங்கு 43. இது ஒரு கூட்டத்துக்கான கணக்கு. உங்கள் தம்பியை இப்படிப் பங்கு போட முடியாது.

ஹவாயின் கவாய் தீவில் 1955-இல் பிறந்த 698 குழந்தைகளை எமி வெர்னர் பல பத்தாண்டுகள் தொடர்ந்தார். வறுமை, சண்டை, குடி எல்லாம் கலந்த வீடுகளில் பிறந்த பிள்ளைகளிலும் மூன்றில் ஒரு பங்கு பேர் தெளிவான, அன்பான பெரியவர்களாக வளர்ந்தார்கள். அவர்கள் வாழ்க்கையில் பாட்டி, அத்தை, ஆசிரியர் என்று யாராவது ஒருவராவது விடாமல் கூட இருந்தார்.

"சைக்கோ"ன்னு சொல்றாங்களே, அவங்களாவது பிறவிதானே?

இதில் பிறவியின் பங்கு மற்றதைவிடக் கூடுதல்தான். குற்ற உணர்வோ பிறர் வலியில் அசைவோ இல்லாத குணத்தை ஏழு வயது இரட்டையர்களிடம் எஸ்ஸி வைடிங் ஆராய்ந்தபோது, அந்தக் குணம் மிகக் கடுமையாக இருந்தவர்களில் மரபின் பங்கு மூன்றில் இரண்டு அளவுக்கு வந்தது.

ஆனால் ஜேம்ஸ் ஃபாலன் கதையைக் கேளுங்கள். கலிபோர்னியாவில் மூளை ஆய்வாளர். கொலையாளிகளின் மூளைப் படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவர், வேறோர் ஆய்வுக்காக எடுத்த தன் குடும்பத்துப் படக்கட்டில் அதே மாதிரி ஒன்றைக் கண்டார். யாருடையது என்று பார்த்தால் அவருடையதே. யாரையும் கொல்லாமல் பேராசிரியராகவே இருந்தார். அன்பான வீட்டில் வளர்ந்ததே காரணம் என்று சொல்லிக்கொண்டார். ஒரு மனிதரின் கதையை வைத்து விதி எழுத முடியாது. ஆனாலும் மூளைப் படத்தைக் காட்டி "இவன் இப்படித்தான்" என்பவரின் வாயை அடைக்க அது போதும்.

பாசமா வளர்ந்தவன், கூட்டாளிங்க நிறைய இருக்கிறவன்கூட அக்கிரமம் பண்றானே? அவனை யாரு ஒதுக்குனா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி. நான் சொல்ல வந்ததே இதுதான். ஒதுக்கப்பட்டவர்கள் செய்த கேட்டைவிட, ஒதுக்கப்பட்டுவிடுவோமோ என்று பயந்தவர்கள் செய்த கேடு அதிகம்.

1942 ஜூலையில் ஜெர்மனியின் ரிசர்வ் போலீஸ் 101-ஆவது படைப்பிரிவு போலந்தின் யூசெஃபூவ் ஊரில் இறங்கியது. ஏறக்குறைய 500 பேர். பெரும்பாலும் ஹாம்பர்க் நகரத்துச் சாதாரண ஆட்கள், நடுவயதுக் குடும்பஸ்தர்கள். ஊரிலுள்ள யூதர்களில் பெண்கள், குழந்தைகள், முதியவர்களைச் சுட வேண்டும் என்பது உத்தரவு. தளபதி வில்ஹெல்ம் டிராப் ஒன்று சொன்னார்: முடியாது என்று நினைப்பவர்கள் விலகிக்கொள்ளலாம். தண்டனை இல்லை. அப்போது முன்னே வந்தவர்கள் பத்துப் பன்னிரண்டு பேர்தான். அன்று சுமார் 1,500 பேர் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். பிற்காலத்தில் விசாரணையில் ஏன் விலகவில்லை என்று கேட்டபோது பலர் சொன்னது, கூட இருப்பவர்கள் கோழை என்று நினைத்துவிடுவார்களே என்பதுதான். வரிசையிலிருந்து ஓர் அடி முன்னே வைக்கக் கூச்சம்.

ஸ்டான்லி மில்கிரம் 1961-இல் தொடங்கிய மின்னதிர்ச்சிச் சோதனையிலும் இதே முகம் தெரியும். ஆய்வாளர் சொல்லச் சொல்ல, இன்னொருவருக்கு மின்னதிர்ச்சி கொடுக்கும் பொத்தானை அமுக்க வேண்டும். அதிர்ச்சி நிஜமில்லை, ஆனால் பொத்தானை அமுக்கியவருக்கு அது தெரியாது. நாற்பது பேரில் 26 பேர் 450 வோல்ட் வரை போனார்கள், வியர்த்து நடுங்கிக்கொண்டே. பலரும் சொல்லாமல் விடுவது இன்னொரு வடிவத்தைத்தான்: பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேர் "என்னால் முடியாது" என்று எழுந்துவிட்டால், கடைசிவரை போனவர்கள் நாற்பதில் நான்கே பேர். மறுக்கும்போது தனியாக இல்லை என்று தெரிந்ததும் மனிதர்கள் மறுத்தார்கள். வகுப்பில் ஒருவனைக் கேலி செய்யும்போது சேர்ந்து சிரிக்கும் முப்பது பேரும் இந்த வகைதான்.

இப்படி மரபணு, வளர்ப்பு, பயம்னு காரணம் அடுக்கினா குற்றவாளிக்கு வக்காலத்து வாங்குற மாதிரி ஆகாதா?

காரணம் சொல்வது வேறு, மன்னிப்புக் கேட்பது வேறு. 101-ஆவது படைப்பிரிவில் விலகிய பத்துப் பன்னிரண்டு பேருக்கும் விலகாதவர்களுக்கும் அதே சீருடை, அதே ஊர், அதே பயம். விலக முடிந்தது என்பதால்தான் விலகாதவர்களைக் குற்றம் சொல்கிறோம்.

நீதிமன்றங்களே இதில் தடுமாறுகின்றன. 2009-இல் இத்தாலியின் திரியெஸ்தே நகர மேல்முறையீட்டு நீதிமன்றம், மேலே சொன்ன மந்த வகை மரபணுவையும் கணக்கில் எடுத்து ஒரு கொலையாளியின் தண்டனையில் ஒரு வருடம் குறைத்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. மூன்றில் ஒரு ஆணுக்கு இருப்பதை எப்படிச் சலுகையாக்குவது? அதே வாதத்தை இன்னொரு வக்கீல் திருப்பி, "இவன் பிறவியே இப்படி, வெளியே விடாதீர்கள்" என்றும் சொல்லலாம். பாதிக்கப்பட்டவரின் வீட்டில் உட்கார்ந்து இந்த ஆராய்ச்சி எதையும் பேசாதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன். அது அதற்கான இடமில்லை.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா? கெட்டுப்போனவன் திருந்துவானா?

பதினைந்து வயதில் தப்பு செய்பவர்களில் பெரும்பாலோர் இருபத்தைந்துக்குள் தாமாகவே நிறுத்திவிடுகிறார்கள். சிறுவயதிலேயே தொடங்கி வாழ்நாள் முழுக்கப் போகிறவர்கள் ஒரு சிறு பங்குதான் என்று டெரி மொஃபிட் 1993-இலேயே பிரித்துக் காட்டினார்.

அந்தச் சிறு பங்கிலும் கதவு மூடிவிடவில்லை. அமெரிக்காவின் விஸ்கான்சினில் மெண்டோட்டா என்ற இளையோர் சிகிச்சை மையம் 1995 முதல் நடக்கிறது. மற்ற சிறைகள் சமாளிக்க முடியாத பையன்களை அங்கே அனுப்புவார்கள். தண்டனையை ஏற்றிக்கொண்டே போவதை நிறுத்தி, நல்ல நடத்தைக்கு அன்றன்றே சின்னச் சின்னப் பலன் கொடுத்தார்கள். காறித் துப்பினாலும் மறுநாள் அதே ஊழியர் வந்து உட்கார்ந்தார். வெளியே போன பிறகு தொடர்ந்து பார்த்ததில், வழக்கமான சிறையில் இருந்த ஒப்பீட்டுக் குழுவினர் 16 பேரைக் கொன்றிருந்தார்கள். மையத்தில் சிகிச்சை பெற்ற குழுவில் கொலை எதுவும் இல்லை.

என் பொண்ணை வகுப்புல யாரும் சேர்த்துக்க மாட்டேங்கிறாங்க. நான் என்ன செய்யட்டும்?

வகுப்பு முழுவதையும் மாற்ற முயல வேண்டாம், முடியாது. ஒரு தோழி போதும். ஒரே ஒரு நெருங்கிய நட்பு இருந்தாலே கேலியின் பாதிப்பு கணிசமாகக் குறைகிறது என்பதை ஆய்வுகள் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. யாரோடு ஓரளவு ஒத்துப்போகிறாள் என்று மகளிடமே கேட்டு, அந்தப் பெண்ணை விடுமுறையில் வீட்டுக்குக் கூப்பிடுங்கள். வகுப்பு ஆசிரியரிடம் போகும்போது "எல்லோரும் ஒதுக்குகிறார்கள்" என்று போகாமல், எந்த நேரம், எந்த இடம், யார் என்று எழுதி எடுத்துப் போங்கள். பெரும்பாலும் இடைவேளை நேரமும் குழு பிரிக்கும் நேரமும்தான் சிக்கல். "நீங்களே குழு பிரித்துக்கொள்ளுங்கள்" என்று ஆசிரியர் சொல்வதை நிறுத்தினாலே பாதி குறையும். கேலியில் சேராமல் சும்மா நிற்கும் பிள்ளைகள் யார் என்றும் ஆசிரியரிடம் கேளுங்கள். மில்கிரம் சோதனையில் எழுந்து நின்ற அந்த இரண்டு பேர் அவர்களில் இருக்கலாம்.

பள்ளியில ஒரு பையனை நாங்க யாருமே சேர்த்துக்கலை. இப்போ அவன் ஒரு கொலை வழக்குல ஜெயில்ல இருக்கான். நாங்கதான் காரணமா?

நீங்கள்தான் காரணம் என்று சொல்ல மாட்டேன். சம்பந்தமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். அவருடைய வீட்டில் என்ன நடந்தது, பள்ளிக்குப் பிறகு யாரோடு சேர்ந்தார், அன்றைக்கு அந்த இடத்தில் என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியாது. அந்தக் கொலை அவர் செய்தது. வகுப்பில் நடந்தது நீங்கள் செய்தது. இரண்டையும் ஒரே கணக்கில் எழுத வேண்டாம். அன்றைக்கு அவன் பக்கத்தில் உட்கார்ந்தால் உங்களையும் சேர்த்து ஒதுக்கியிருப்பார்கள். பத்து வயதில் அந்தப் பயத்தைத் தாண்டுவது சுலபமில்லை. இப்போது உங்களுக்குப் பத்து வயதில்லை.

ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றினால் கடிதம் எழுதலாம். சிறை விதிகள் அனுமதித்தால் போய்ப் பார்க்கலாம். மன்னிப்பு வாங்கி உங்கள் மனதை இலேசாக்கிக்கொள்ளப் போகாதீர்கள், அந்தச் சுமையையும் அவர் தலையில் வைப்பதாகிவிடும். பள்ளியில் நடந்ததை நினைவு வைத்திருக்கிறேன், அது தவறு என்று இரண்டு வரி போதும். அவர் பதில் போடாமல் இருக்கலாம். விடுதலையாகி வரும்போது வேலையோ தங்க இடமோ தேட உங்களால் உதவ முடியுமென்றால் அதையும் எழுதுங்கள். முடியாதென்றால் அந்த வரியை எழுத வேண்டாம்.